உறங்கும் மடிக்கணினியை எழுப்பும் விரலி

சென்ற பள்ளி விடுமுறையில் ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்குப் போயிருந்தேன். நான்காம் படிவம் படிக்கும் மாணவி ஒருத்தி, "சார், இது செத்துப் போச்சு" என்று ஒரு மடிக்கணினியைக் கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள். அவள் அண்ணன் பாலிடெக்னிக்கில் படித்தபோது வாங்கியது. சுவிட்சை அழுத்தினால் விளக்கு எரிந்தது, உள்ளே விசிறி சுற்றியது. ஆனால் கறுப்புத் திரையில், துவக்குவதற்கு ஏற்ற சாதனம் எதுவும் இல்லை என்று பொருள்படும் ஆங்கில வரி ஒன்று வந்து அப்படியே நின்றது. பட்டணத்துக் கடையில் காட்டியிருக்கிறார்கள். "பார்மட் போட்டால்தான் சரியாகும், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

உள்ளே இருந்தவை பழைய லயத்து வீடுகளை இடிப்பதற்கு முன்பு அண்ணன் எடுத்த படங்கள். இப்போது இல்லாத பாட்டி, அந்த லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் படம். தோட்டத்து மாரியம்மன் கோவிலில், குடும்பங்கள் பிரிந்து போவதற்கு முன் நடந்த கடைசித் திருவிழா. வேறெங்கும் பிரதி கிடையாது. "பார்மட் வேண்டாம்" என்று அம்மா சொல்லிவிட்டதால் கணினி எட்டு மாதமாக அலமாரியில் கிடந்தது.

விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரையில் எழுத்து வருகிறது என்றால் அந்தக் கணினி சாகவில்லை என்றே பெரும்பாலும் பொருள். அதற்கு இயங்குதளம்தான் கிடைக்கவில்லை. இயங்குதளத்தை வெளியிலிருந்து கொண்டு போய்க் கொடுக்க முடியும். சட்டைப் பையில் அடங்கும் ஒரு பென்டிரைவ் போதும். தமிழில் அதை விரலி என்கிறோம். அந்த விரலியை எப்படித் தயாரிப்பது, அது எப்படி வேலை செய்கிறது என்பதே இந்த வாரப் பாடம்.

பெரட்டு நேரம்

கணினியில் ஒரு புதிர் உண்டு. எந்த நிரலும் ஓட வேண்டுமானால் முதலில் அதை வன்தட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றும் வேலையைச் செய்வது இயங்குதளம். ஆனால் இயங்குதளமும் ஒரு நிரல்தான், அதுவும் வன்தட்டில்தான் கிடக்கிறது. அப்படியானால் அதை ஏற்றுவது யார்? தன் காலணி வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது போன்ற காரியம் என்று ஆங்கிலத்தில் ஒரு பழைய கேலிப் பேச்சு உண்டு. கணினியைத் தொடக்குவதற்கு 'பூட்' என்ற பெயர் வந்தது அதிலிருந்துதான்.

விடை தாய்ப்பலகையில் இருக்கிறது. அங்கே ஒரு சிறிய சில்லில், மின்சாரம் நின்றாலும் அழியாதபடி ஒரு நிரல் எழுதி வைக்கப்பட்டுள்ளது. பழைய கணினிகளில் அதற்கு பயோஸ் என்று பெயர். ஏறத்தாழ 2012க்குப் பின் வந்தவற்றில் பெரும்பாலும் யூஇஎஃப்ஐ.

தோட்டத்தில் தாத்தா பாட்டி சொல்லும் பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் மண்டோர் ஆள்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார். யார் வந்திருக்கிறார், யார் வரவில்லை என்று பார்ப்பார். பயோஸ் செய்வதும் அதைத்தான். நினைவகம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா, திரை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும். ஆனால் அன்றைய நிர்வாகம் முழுவதையும் நடத்த மண்டோரால் முடியாது. அதற்குத் துரை வர வேண்டும். எனவே எங்கெங்கே துரையைத் தேட வேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். முதலில் வன்தட்டு, அடுத்து யூஎஸ்பி, அதற்கடுத்து வலையமைப்பு என்பது போல. எந்த இடத்திலும் கிடைக்காவிட்டால் அந்தக் கறுப்புத் திரையும் ஒற்றை வரியும்தான்.

'இங்கே துரை இருக்கிறார்' என்று மண்டோருக்கு எப்படித் தெரியும்? பழைய முறையில், தட்டின் முதல் 512 பைட்டை மட்டும் படிப்பார். அதில் முதல் 446 பைட் ஒரு குட்டி நிரல். அடுத்த 64 பைட், தட்டு எப்படிப் பிரிக்கப்பட்டுள்ளது என்ற அட்டவணை. கடைசி 2 பைட்டில் ஒரு குறிப்பிட்ட அடையாள எண் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் அந்தத் தட்டைத் தாண்டிப் போய்விடுவார். புதிய முறையில், ஃபேட் வகையில் அமைந்த ஒரு பகுதிக்குள் குறிப்பிட்ட பெயருள்ள கோப்புறையில் குறிப்பிட்ட பெயருள்ள கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்.

பல மாணவர்கள் செய்யும் முதல் தவறு இங்கிருந்துதான் வருகிறது. லினக்ஸின் ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்கி, சாதாரணப் படத்தைப் போல விரலியில் நகலெடுத்துப் போட்டுவிட்டு, "வேலை செய்யவில்லை" என்பார்கள். அரிசி மூட்டையை அடுப்பின்மேல் தூக்கி வைத்தால் சோறாகுமா? அந்த ஒற்றைக் கோப்புக்குள் துவக்கப் பகுதி, அட்டவணை, கோப்புறைகள் எல்லாம் மடித்து வைக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பிரித்து, மண்டோர் தேடும் இடத்தில் தேடும் வடிவில் எழுத வேண்டும். அதற்குத் தனி மென்பொருள் இருக்கிறது.

விரலியின் ஊர்

விரலியைப் பற்றிச் சிறிது சொல்லிவிட்டுப் போகிறேன். அதனுள் இருப்பது மின்சாரம் இல்லாமலும் தகவலைக் காக்கும் ஃபிளாஷ் நினைவகம். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் மசுவோகா ஃபுஜியோ என்ற பொறியாளர் 1980களில் அதை உருவாக்கினார். சிலிக்கான் சில்லில் கண்ணுக்குத் தெரியாத சிறு அறைகள். ஒவ்வொன்றையும் மின்கடத்தாப் பொருள் சூழ்ந்திருக்கும். எலெக்ட்ரான்களை உள்ளே தள்ளி அடைத்துவிட்டால் அவை வெளியேற வழியில்லை. நிறைந்த அறை ஓர் எண், காலி அறை வேறோர் எண். தள்ளித் தள்ளி எழுதும்போது சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதால்தான் விரலிக்கு ஆயுள் உண்டு.

அந்தச் சில்லை ஆளும் கட்டுப்படுத்தியை ஒரே சில்லில் அடக்கியவர்களில் முன்னோடி நம் நாட்டுக்காரர். சிலாங்கூர் செகிஞ்சானில் பிறந்த புவா கெய்ன் செங், தைவானில் படித்து, 2000இல் நண்பர்களுடன் பிசன் என்ற நிறுவனத்தை அங்கே தொடங்கினார். நம் நாட்டுப் பத்திரிகைகள் அவரைப் பென்டிரைவின் தந்தை என்று எழுதும். சிங்கப்பூரின் டிரெக் 2000 நிறுவனமும் இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் நிறுவனமும் அதற்கு உரிமை கொண்டாடின. என் பார்வையில் மூன்று பேரும் ஒரே காலத்தில் ஒரே கதவைத் தட்டியவர்கள். சிங்கப்பூரில் அதைத் தம்ப்டிரைவ் என்று சொல்வது டிரெக் வைத்த பெயரால் வந்த பழக்கம்.

நிறுவாமலே ஓடும் இயங்குதளம்

இனி விரலியில் என்ன போடப் போகிறோம் என்று பார்ப்போம். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருவைக் கொண்டு பலரும் பல இயங்குதளங்களைக் கட்டியிருக்கிறார்கள். எல்லாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், நண்பனுக்கும் நகல் கொடுக்கலாம், சட்டப்படி. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011இல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோசுடன் சேர்ந்து இருந்தது.

வன்தட்டில் நிறுவாமல் நேரே ஓடும் இயங்குதளத்துக்கு 'லைவ்' என்று பெயர். இதைப் பரவலாக்கியவர் ஜெர்மானியர் கிளாவ்ஸ் நோப்பர். எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் தன் கருவிகள் தன்னோடு இருக்க வேண்டும் என்று நினைத்து, 2000இல் நோப்பிக்ஸ் என்ற குறுவட்டைத் தயாரித்தார். 700 மெகாபைட் கொள்ளும் வட்டில் ஏறத்தாழ 2 ஜிகாபைட் மென்பொருளைச் சுருக்கி அடக்கியிருந்தார்.

சுருக்கி வைத்த கோப்புத்தொகுதியைப் படிக்க மட்டுமே முடியும், அதில் எழுத முடியாது. ஆனால் இயங்கும் கணினி எதையாவது எழுதிக்கொண்டேதானே இருக்கும்? பாடநூல் பக்கத்தின்மேல் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் எழுதுவதைக் கற்பனை செய்யுங்கள். மேலிருந்து பார்த்தால் அச்சும் உங்கள் எழுத்தும் ஒரே பக்கமாகத் தெரியும். தாளை எடுத்துவிட்டால் புத்தகம் புத்தகமாகவே இருக்கும். லைவ் முறையில் புத்தகம் என்பது விரலி, பிளாஸ்டிக் தாள் என்பது கணினியின் நினைவகம். நீங்கள் மாற்றும் ஒவ்வொன்றும் நினைவகத்தில்தான் எழுதப்படுகிறது. கணினியை அணைத்தால் தாள் காணாமல் போகும். மறுமுறை தொடங்கும்போது எல்லாம் புதிதாக இருக்கும். வன்தட்டு தொடப்படவே இல்லை. மேசையும் நாற்காலியும் தானே கொண்டு வந்து, ஆபீஸ் கணக்குப் புத்தகத்தைத் தொடாமல் ஒரு நாள் மட்டும் நிர்வாகம் பார்த்துவிட்டுப் போகும் விருந்தாளித் துரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. கூடுதல் நீட்டிப்புக்குப் பதிந்துகொண்டவர்களுக்கு 2026 அக்டோபர் வரை கிடைக்கும். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியும் வேண்டும். 2014, 2015இல் வாங்கிய கணினிகளுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. அண்ணன் அக்காள் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த கணினியில் படிக்கும் பிள்ளைகள் தோட்டத்து வீடுகளில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கணினிக்கு லினக்ஸ் ஒத்துவருமா என்பதை, எதையும் அழிக்காமல் விரலியிலிருந்து ஓட்டிப் பார்த்தே முடிவு செய்யலாம்.

தயாரிக்கும் முறை

8 ஜிகாபைட் விரலி ஒன்று போதும். புதிதாக வாங்க வேண்டியதில்லை, இழுப்பறையில் கிடக்கும் பழையது ஆகும். ஆனால் அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். உங்கள் ஃபோலியோ அதில் இருந்தால் முதலில் வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். நன்றாக ஓடும் வேறொரு கணினியும் வேண்டும். அதற்கு வழியில்லை, வீட்டில் கைப்பேசி மட்டும்தான் என்றால், ஆண்டிராய்டு கைப்பேசியில் எட்ச்டிராய்டு என்ற செயலியும் விரலியைக் கைப்பேசியில் செருகும் ஓடிஜி இணைப்பானும் இருந்தால் அதிலேயே செய்யலாம்.

தொடக்கநிலை மாணவர்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட். தோற்றம் விண்டோசுக்கு நெருக்கமாக இருக்கும். குறைந்தது 2 ஜிகாபைட் நினைவகம், நன்றாக ஓட 4. அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை புதுப்பிப்பு கிடைக்கும். நினைவகம் குறைவான கணினிக்கு அதன் எக்ஸ்எஃப்சிஇ வகையை எடுங்கள். 64 பிட் செயலி தேவை.

ஐஎஸ்ஓ கோப்பு ஏறத்தாழ 3 ஜிகாபைட். தோட்டத்துக்குள் ஒரு கோடு சிக்னலில் இதை இறக்குவது வீண் வேலை, கைப்பேசித் தரவும் கரைந்து போகும். பள்ளியிலோ பட்டணத்து நூலகத்திலோ அரசின் இணைய மையத்திலோ ஒருவர் இறக்கினால் பத்துப் பேருக்கு நகல் கொடுக்கலாம். இறக்குவதை அதிகாரப்பூர்வ இணையத்தளத்திலிருந்து மட்டுமே செய்ய வேண்டும். நண்பர் குழுவில் யாரோ போட்ட இணைப்பைத் தொடாதீர்கள்.

இறக்கிய கோப்பு உண்மையானதா என்று பார்ப்பதைப் பெரும்பாலோர் தாண்டிவிடுகிறார்கள். இதற்கு ஒரு கதை உண்டு. 2016 பிப்ரவரி 20ஆம் தேதி யாரோ லினக்ஸ் மின்ட்டின் இணையத்தளத்துக்குள்ளேயே புகுந்து, 17.3 சின்னமன் பதிப்புக்கான பதிவிறக்க இணைப்பை மாற்றிவிட்டார்கள். அன்று அதைச் சொடுக்கியவர்களுக்கு வந்தது பின்கதவு வைத்த போலிக் கோப்பு. மேலோட்டமாகப் பார்த்தால் எந்த வேறுபாடும் தெரியாது. திட்டத்தின் தலைவர் கிளெமென்ட் லெஃபெவ்ர் மறுநாளே அதை வெளிப்படையாக அறிவித்து, கோப்பைச் சரிபார்க்கும் முறையையும் எழுதினார்.

சரிபார்ப்பது இப்படித்தான். எஸ்எச்ஏ-256 என்ற கணக்கு முறை, எவ்வளவு பெரிய கோப்பையும் மென்று 64 இலக்கம் கொண்ட ஒரு பதினாறடிமான எண்ணாகத் துப்பும். கணினி அறிவியல் படிப்பவர்களுக்குப் பதினாறடிமானம் தெரியும், 0 முதல் 9 வரையும் அதன்பின் ஆறு எழுத்துகளும். மொத்தம் 256 பிட். 3 ஜிகாபைட் கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் விடையில் ஏறத்தாழப் பாதி பிட்கள் மாறிவிடும். ஒரே விடை வரும்படி வேறு கோப்பைத் தயாரிப்பது நடைமுறையில் யாராலும் இன்றுவரை முடியாத காரியம், ஏனென்றால் வரக்கூடிய விடைகளின் எண்ணிக்கை 78 இலக்கம் கொண்டது. தளத்தில் அச்சிட்டுள்ள எண்ணும் உங்கள் கோப்பிலிருந்து வரும் எண்ணும் ஒன்றாக இருந்தால் கோப்பு முழுமையாக, மாறாமல் வந்து சேர்ந்திருக்கிறது. பாதியில் அறுந்த பதிவிறக்கமும் இதில் மாட்டிக்கொள்ளும். தோட்டத்து இணையத்தில் போலிக் கோப்பைவிட அறுந்த கோப்புத்தான் அதிகம்.

"தளத்தையே பிடித்தவன் அங்குள்ள எண்ணையும் மாற்றிவிடலாமே?" என்று கேட்டால் நீங்கள் கெட்டிக்காரர். மாற்றலாம். அதனால்தான் அந்த எண் பட்டியலுக்கு மின்னொப்பமும் இட்டு வைக்கிறார்கள். அது இன்னொரு வாரப் பாடம்.

விண்டோஸ் கணினியில் விரலியை எழுத ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அளவு மிகச் சிறிது, நிறுவவும் வேண்டாம். திறந்ததும் மேலே சாதனத்தின் பெயர் இருக்கும். அது உங்கள் விரலிதானா என்று பெயரையும் கொள்ளளவையும் இருமுறை பாருங்கள். இரண்டு விரலிகள் செருகியிருந்தால் தேவையில்லாததைப் பிடுங்கி வைத்துவிடுங்கள், சந்தேகத்துக்கே இடம் வேண்டாம். அடுத்து ஐஎஸ்ஓ கோப்பைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் சரிபார்ப்புக் குறியிட்ட சிறிய பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் நாம் பேசிய 64 இலக்க எண்ணை அங்கேயே கணக்கிட்டுக் காட்டும். மற்றவற்றை மாற்றாமல் தொடங்கும் பொத்தானை அழுத்துங்கள். எந்த முறையில் எழுதுவது என்று கேட்டால் பரிந்துரைக்கப்பட்டதையே விடுங்கள். எல்லாம் அழியும் என்று ஓர் எச்சரிக்கை வரும். அழியும்தான். சம்மதம் கொடுங்கள்.

நேரம் எவ்வளவு ஆகும்? சாதாரண விரலி நொடிக்கு 10 மெகாபைட் எழுதினால், 3000 மெகாபைட்டுக்கு 300 நொடி, அதாவது ஐந்து நிமிடம். மலிவு விரலி இன்னும் மெதுவாக எழுதும். பட்டை நடுவில் நின்றது போலத் தெரிந்தாலும் பிடுங்காதீர்கள்.

துவக்கிப் பார்த்தல்

விரலியைச் செருகி, கணினியை முழுவதும் அணைத்துவிட்டு, மீண்டும் போட்ட மறுகணமே துவக்கப் பட்டியலை வரவழைக்கும் விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். லெனோவோ, டெல், ஏசர் கணினிகளில் பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஸ்கேப் அல்லது எஃப்9. ஆசுஸில் எஸ்கேப் அல்லது எஃப்8. ஏசரில் அந்த வசதி அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம், எஃப்2 அழுத்தி உள்ளே போய் இயக்க வேண்டும். பட்டியலில் விரலியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஒருமுறைக்கு மட்டும் மண்டோர் அங்கே போய்ப் பார்ப்பார். நிரந்தர வரிசையை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

மின்ட் திரை வந்ததும் வைஃபை, ஒலி, கேமரா, தொடுதட்டு எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள். இந்தக் கணினிக்கு இந்த இயங்குதளம் ஒத்துவருமா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். விசைப்பலகை அமைப்பில் தமிழ்99ஐயும் சேர்த்துக்கொள்ளலாம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் பிறந்த அமைப்பு அது. நம் நாட்டு முத்து நெடுமாறனின் அஞ்சல் முறையில் பழகியவர்கள் அதற்கெனக் கூடுதலாக ஒரு மென்பொருள் பொதியைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

மேசைமேல் நிறுவுவதற்கான குறும்படம் ஒன்று இருக்கும். இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள். அதற்குள் போய், தட்டை அழித்து நிறுவு என்ற வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வீட்டுப் படங்கள் அத்தனையும் போய்விடும். லைவ் முறையில் நிஜமாகவே ஆபத்தான இடம் அது. பள்ளிக் கணினிகளில் ஆசிரியர் அனுமதி இல்லாமல் விரலியைச் செருகித் துவக்குவதும் கூடாது. ஏனென்று அடுத்துச் சொல்கிறேன்.

ரந்தாவ் வீட்டுக் கணினியில் எஃப்12 தட்டினோம். மின்ட் வந்தது. கோப்புகளைக் காட்டும் சாளரத்தின் இடப்பக்கத்தில் உள்வன்தட்டின் பெயரும் இருந்தது. அதைச் சொடுக்கியதும் விண்டோசின் கோப்புறைகள் ஒவ்வொன்றாக விரிந்தன, அண்ணன் பெயரில் ஒன்று, அதற்குள் படங்கள். விண்டோசின் துவக்கக் கோப்புகள் மட்டுமே கெட்டிருந்தன. புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது, அப்போது பேட்டரியும் தேய்ந்து போயிருந்தது என்று பிறகு நினைவுபடுத்திச் சொன்னார்கள். தோட்டம் நிறைய ஆள் இருந்தும், கூப்பிடத் துரை மட்டும் இல்லாத காலை.

அந்த மாணவி படங்களைப் பார்க்கவில்லை. "சார், அண்ணன் பாஸ்வேர்டு போட்டு வைத்திருந்தானே, இதில் கேட்கவே இல்லையே?" என்றாள். நல்ல கேள்வி. விண்டோஸ் கடவுச்சொல் என்பது விண்டோஸ் துரை வாசலில் போடும் காவல். அந்தத் துரை வராத நாளில் காவலும் இல்லை. உங்கள் கணினி கையில் கிடைத்தால், விரலி வைத்திருக்கும் எவரும் இப்படியே உள்ளே போகலாம். பள்ளிக் கணினியில் அனுமதி வேண்டும் என்றது இதனால்தான். இதைத் தடுக்க வேண்டுமானால் வன்தட்டையே மறையாக்கம் செய்ய வேண்டும். புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் பிட்லாக்கர் என்ற பெயரில் அது தானாகவே இயங்குகிறது. அப்படிப்பட்ட கணினியில் லைவ் விரலி தட்டைக் காட்டும், ஆனால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது பெரும்பாலும் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். இன்று நல்ல நிலையில் ஓடும் கணினி உங்களிடம் இருந்தால், இன்றே அந்தச் சாவியைத் தேடி ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

வேறு சில இடைஞ்சல்களும் வரலாம். விண்டோஸ் முழுவதும் அணையாமல் பாதி உறக்கத்தில் நின்றிருந்தால், மின்ட் அந்தத் தட்டைப் படிக்க மட்டுமே விடும், எழுத விடாது. நமக்குப் படித்தால் போதும். வன்தட்டின் பெயரே தெரியவில்லை, அல்லது உள்ளிருந்து டக் டக் என்று சத்தம் வருகிறது என்றால் அது இயங்குதளக் கோளாறு அல்ல, தட்டே பழுது. அப்போது மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்காமல் அணைத்துவிட்டு, தகவல் மீட்பில் பழகியவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு முறை சுழலும்போதும் சேதம் கூடும்.

படங்களை நகலெடுக்க இன்னொரு சேமிப்புச் சாதனம் தேவை என்பதை மறந்துவிடாதீர்கள். மின்ட் ஓடும் விரலியிலேயே போட முடியாது. லைவ் மேசையில் போட்டால் அது பிளாஸ்டிக் தாளில் எழுதியது போல, அணைத்ததும் போய்விடும். நாங்கள் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு வெளி வன்தட்டை இரவல் வாங்கினோம். மொத்தம் 11 ஜிகாபைட். பட்டை மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும்போதே அம்மா வேலையிலிருந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு மகளுக்குப் பின்னால் நின்றார். ஒரு படத்தைத் திறக்கச் சொன்னார். பிறகு இன்னொன்று. பாட்டியின் படம் வந்தபோது யாரும் எதுவும் பேசவில்லை.

நகலெடுத்து முடித்ததும் வெளி வன்தட்டை முறைப்படி வெளியேற்றிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். எழுத வேண்டியவற்றில் ஒரு பகுதியை லினக்ஸ் நினைவகத்திலேயே வைத்திருந்து பிறகு எழுதும் பழக்கம் உண்டு. பட்டை முடிந்தது என்று உடனே பிடுங்கினால் கடைசிப் படங்கள் பாதியாக நிற்கும். மின்ட்டை அணைக்கும்போது, விரலியை எடுத்துவிட்டு எண்டர் விசையைத் தட்டுமாறு ஒரு வரி திரையில் வரும். அந்த வரி வந்த பிறகு விரலியை எடுங்கள்.